பர்மிங்காம் பைக்குக்கு ஹாலிஎல ஸ்பானர்: தெரியுமா?

13 நம்பர் ஸ்பானர் நுழையவே நுழையாது. 14 நம்பர் நுழையும், ஆனால் லொடலொடவென்று ஆடும்; மூச்சுப் பிடித்துத் திருப்பினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். ஏனென்றால் அந்த நட்டின் அகலம் 13.3 மில்லிமீற்றர்! இன்றைய கடையில் தொங்கும் எந்த ஸ்பானர் செட்டிலும் அந்த அளவு கிடையாது. போர்க்காலத்து இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரிக்கப் போகிறவருக்கு முதல் அதிர்ச்சி இஞ்சினிலிருந்து வருவதில்லை, இந்த நட்டிலிருந்துதான் வரும்.

கதை 1841இல் தொடங்குகிறது, தெரியுமா? அதற்கு முன் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு இன்னொரு பட்டறையின் நட்டு ஏறாது. ஜோசப் விட்வர்த் என்ற பொறியியலாளர்தான் 'இனி எல்லாரும் 55 பாகை மரை, இந்தக் கனத்துக்கு இத்தனை சுற்று' என்று ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். அதோடு விட்டாரா? விட்வர்த் ஸ்பானரில் கால் என்று பொறித்திருந்தால் அதன் வாய் கால் அங்குலம் இல்லை, அரை அங்குலத்துக்கும் மேல்! பொறித்திருப்பது போல்ட்டுத் தண்டின் கனம். ஸ்பானரின் வாயை அளந்து பார்ப்பவர் தலை சுற்றிப் போவார். இரண்டாம் உலகப் போரில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நட்டுத் தலையை ஓர் அளவு குறைத்தார்கள்; அதனால் ஒரே ஸ்பானரில் இரண்டு எண்கள் வந்து சேர்ந்தன. போதாக்குறைக்கு அதே பைக்கில் சைக்கிள் மரை என்று இன்னொரு சாதி: அங்குலத்துக்கு 26 சுற்று, 60 பாகை. மாற்றி முறுக்கினால் முதல் இரண்டு சுற்று இனிக்கும், மூன்றாவதில் மரை போய்விடும்.

சரி, இத்தனை கோளாறான நட்டை இலங்கையின் ஊவா மலையில் யார் கழற்றினார்கள்?

இங்கேதான் என் கட்சியை வைக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைதான் காரணம்! கொழுந்தை வதக்கி, உருட்டி, காய வைக்கும் பழைய இயந்திரங்களைப் பாருங்கள். காய வைக்கும் சிரோக்கோ, பெல்பாஸ்ட் நகரத்து டேவிட்சன் கம்பனியின் தயாரிப்பு. உருட்டும் ரோலர்களில் பெயர் பெற்றவை கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பனியுடையவை. எல்லாம் அந்தக் காலத்துப் பிரித்தானிய இயந்திரங்கள், எல்லாவற்றிலும் அந்தக் காலத்துப் பிரித்தானிய மரை. அவற்றைக் கழற்றிப் பூட்டத் தோட்டத்துப் பிட்டர் கையில் இருந்த அதே ஸ்பானர் துரையின் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தியது. ரோலருக்கு வந்த ஸ்பானர் பைக்கையும் காப்பாற்றியது! கொழும்பில் கிடைக்காத சாமான் மலையில் கிடைத்தது என்று பழைய ஆட்கள் சொன்னால், அதைப் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

பைக் எப்படி மலைக்கு வந்தது? 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். தீவு முழுக்கப் படை. ஊவாவில் தியத்தலாவை ஏற்கெனவே இராணுவ ஊர். 1900இலேயே தென்னாபிரிக்கப் போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைத்த இடம் அது.   இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்குச் செய்தி சுமந்து ஓடிய பைக்குகளில் முதலிடம் பிஎஸ்ஏ எம்.20க்கு. சுமார் 1,26,000 பைக்குகளைத் தயாரித்துத் தள்ளினார்கள். இஞ்சின் 496 சிசி. அவ்வளவு பெரிய இஞ்சினின் பலம் எவ்வளவு தெரியுமா? வெறும் 13 குதிரைவலு! இன்று 150 சிசி பைக் அதைச் சாதாரணமாகத் தருகிறது. ஆனால் எம்.20 அவசரப்படாது. இழுக்கச் சொன்னால் இழுக்கும், நாள் முழுக்க இழுக்கும். போர் முடிந்ததும் படைக்குத் தேவைப்படாத பைக்குகள் உலகம் முழுக்க மலிவு விலையில் கைமாறின. தோட்டத்துச் சின்னத்துரைமாருக்கு மோட்டார் சைக்கிள் என்பது மலைக்கு மலை ஏறி வேலை பார்க்கும் வாகனம். சத்தத்தை வைத்தே எந்தத் துரை, எந்த வளைவில் வருகிறார் என்று கொழுந்து மலையில் நிற்பவர்கள் சொல்லிவிடுவார்களாம். கங்காணியின் குரல் அதற்குப் பிறகுதான் உயருமாம்!

பிஎஸ்ஏ என்றால் 'பர்மிங்காம் சிறு ஆயுதங்கள்'. பைக்குக்கு முன் துப்பாக்கி செய்த கம்பனி. சின்னத்திலேயே மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தியிருக்கும். ரோயல் என்ஃபீல்டின் வேர் இன்னும் வேடிக்கை: ரெடிச் ஊரில் தையல் ஊசி செய்த தொழிற்சாலை!

இனி பட்டறைக்குள் போவோம். எம்.20க்கு ஸ்டார்ட் செய்ய பற்றரி வேண்டாம், தெரியுமா? பற்றரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு பசறை வரை போய் வரலாம். தீப்பொறியைத் தருவது மெக்னீட்டோ. ஒரு காந்தம், அதன் நடுவே சுழலும் கம்பிச்சுருள், சுருளின் மின்சுற்றைத் திறந்து மூடும் பொயின்ட். கிக்கரை மிதிக்கும் கால்பலமே மின்சாரமாகிப் பல ஆயிரம் வோல்ட்டில் பிளக்கில் பாய்கிறது. 80 வயது இயந்திரம் இன்றும் இதைச் செய்வது அதிசயமா இல்லையா?

அதே மெக்னீட்டோதான் ஊவாவில் அதிகம் சாபம் வாங்கும் சாமானும். அதன் கம்பிச்சுருளுக்குப் பூசியது அரக்கு. ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டால் அரக்கு இளகி வழியும். உள்ளே இருக்கும் கண்டென்சரும் கிழடு தட்டியிருக்கும். அதன் குணம் இப்படி: காலையில் ஒரே மிதியில் ஸ்டார்ட். ஹாலிஎல தாண்டி வெலிமடைப் பாதையில் ஏற ஏறச் சூடாகி, ஒரு வளைவில் மூச்சை நிறுத்தும். பிளக்கைக் கழற்றித் துடைப்பீர்கள், கார்பரேட்டரைத் திட்டுவீர்கள், பெற்றோல் குழாயை ஊதுவீர்கள். அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்! உங்கள் ஊதலால் அல்ல, ஆறியதால். சூட்டில் நின்று ஆறியதும் ஓடினால் முதல் சந்தேகம் மெக்னீட்டோ மீதே விழட்டும். சுருளைப் புதுக் கம்பியால் சுற்றி, அரக்குக்குப் பதில் இன்றைய ரெசின் ஊற்றி, நகக்கண் அளவு புதுக் கண்டென்சர் வைத்தால் இன்னொரு தலைமுறைக்குக் கவலையில்லை. வெளியே பார்த்தால் 1942, உள்ளே இன்றைய சரக்கு. பழைய பைக்கைத் தரமுயர்த்துவதில் எனக்குப் பிடித்த முறை இதுதான். டிஸ்க் பிரேக்கும் அலோய் சில்லும் போட்டுப் பல்லிளிக்க வைப்பது அல்ல.

டைமிங் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கம்பியூட்டர் இல்லை, லைட் இல்லை. பட்டறை பாஸ் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு சைக்கிள் ஸ்போக்கை விடுகிறார். பின் சில்லைக் கையால் உருட்ட உருட்ட பிஸ்டன் மேலே வந்து ஸ்போக்கைத் தூக்குகிறது. உச்சியில் நின்றதும் ஸ்போக்கில் ஒரு கோடு. அதற்கு மேலே அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இன்னொரு கோடு. சில்லைப் பின்னோக்கி உருட்டி, பிஸ்டனை அந்த இரண்டாம் கோட்டுக்கு இறக்குகிறார். இப்போது மெக்னீட்டோவின் பொயின்ட்டுகளுக்கு நடுவே ஒரு சிகரெட் தாள்! தாளை இரண்டு விரலால் மெல்ல இழுத்தபடியே மறுகையால் மெக்னீட்டோவைத் திருப்புகிறார். பொயின்ட் மூடியிருக்கும் வரை தாள் அசையாது. சட்டென்று தாள் வழுக்கிக் கையோடு வந்தால் அதுதான் நேரம், அங்கேயே பூட்டு. மயிரிழை திறந்தாலும் தாள் சொல்லிவிடும். எந்தக் கருவிக்குக் குறைந்தது அது?

இன்னும் கேளுங்கள். பிளக் எப்போது பொறிய வேண்டும் என்பதை இன்றைய பைக்கில் கணினி தீர்மானிக்கிறது. எம்.20இல் அதற்கு ஹாண்டிலில் ஒரு நெம்பு. ஏற்றத்தில் இஞ்சின் 'டொக் டொக்' என்று இடித்தால் நெம்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழு, சமதரை வந்தால் முன்னுக்குத் தள்ளு. காற்றுக்கு ஒரு நெம்பு, வால்வைத் தூக்க ஒரு நெம்பு, கிளச், பிரேக், திரொட்டில். வாத்தியம் வாசிக்கிற மாதிரி ஆறு வேலை இரண்டு கைக்கு!

டைமிங் வைத்த அந்த ஸ்போக்கை நினைத்தால் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரில் பர்ட் மன்றோ என்று ஒருவர். 1920இல் வந்த இந்தியன் ஸ்கவுட் பைக், 600 சிசி. கம்பனி கொடுத்த உச்ச வேகம் மணிக்குச் சுமார் 88 கிலோமீற்றர். இவர் தன் கொட்டகையிலேயே பிஸ்டனை வார்த்தார். டிராக்டர் அச்சை அறுத்து கொனெக்டிங் ரொட் செதுக்கினார். நுண்ணளவு பார்க்கப் பழைய ஸ்போக் ஒன்றைப் பாவித்தார்! 1967இல், தம் 68ஆம் வயதில், அமெரிக்காவின் பொனவில் உப்புவெளியில் அதே பைக்கை மணிக்கு 295 கிலோமீற்றரில் ஓட்டி 1000 சிசிக்கு உட்பட்ட வகுப்பில் உலக சாதனை வைத்தார். 47 வயதுப் பைக்கில்!

நம் பக்கத்துக்கு வருவோம். உங்கள் பைக் என்ஃபீல்ட் புல்லட் என்றால் சாமானுக்கு இங்கிலாந்தைப் பார்க்க வேண்டியதில்லை, சென்னையைப் பார்த்தால் போதும். 1955இல் ரெடிச் கம்பனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடியது. கடைசி இங்கிலாந்து என்ஃபீல்டுகள் எங்கே பூட்டப்பட்டன தெரியுமா? பிராட்போர்ட் ஒன் ஏவன் ஊருக்குப் பக்கத்தில், நிலத்துக்கு அடியில், ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள்! 1970இல் அதுவும் முடிந்தது. ஆனால் திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977இல் அங்கிருந்து புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்! பிறந்த வீட்டுக்குப் பேரன் போன கதை.

டயர் கதை இதைவிடப் பிரமாதம். எம்.20க்கும் அதே போரில் ஓடிய நோர்ட்டன் 16எச்சுக்கும் டயர் அளவு 3.25க்கு 19. பழைய புல்லட் 350க்கும் அதே 3.25க்கு 19! புல்லட் ஓடும் வரைக்கும் போர்க்காலப் பைக்குக்கும் செருப்பு உண்டு என்று அர்த்தம். அந்த அளவில் டயர் செய்யும் எம்ஆர்எஃப் கம்பனி 1946இல் என்ன செய்து கொண்டிருந்தது? பிள்ளைகள் விளையாடும் பலூன்! எந்த ஊரில்? அதே திருவொற்றியூரில், ஒரு கொட்டகையில்! சென்னையின் வடக்கு ஓரத்தில் ஒரே ஊர் பைக்கையும் தந்தது, சில்லுக்கு ரப்பரையும் தந்தது.

புல்லட்டை மிதிக்கத் தெரியாமல் கணுக்காலை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. பலத்தில் இல்லை, அம்மீற்றர் முள்ளில் இருக்கிறது சூட்சுமம். பொயின்ட் வைத்த புல்லட்டில் சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்துங்கள். முள் இடதுபக்கம் சாய்ந்து, திரும்ப நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். டிகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்துக் கிக்கரை இன்னும் ஒரு விரல்கடை இறக்கி, விட்டு, மேலே வந்ததும் ஒரே மிதி. அவ்வளவுதான்! முள்ளைப் பாராமல் வீரம் காட்டினால் கிக்கர் திருப்பி உதைக்கும்.

இடது கால், வலது கால் குழப்பம் வேறு. பழைய பிரித்தானியப் பைக்கில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அமெரிக்கச் சட்டம் 1970களின் நடுவில் 'கியர் இடதுபக்கம்தான்' என்று கட்டாயமாக்கியதால் உலகமே மாறியது. ஆனாலும் சென்னைப் புல்லட் 2000களிலும் வலதுபக்கக் கியரோடு வந்து கொண்டிருந்தது! காலையில் பஜாஜும் மாலையில் பிஎஸ்ஏயும் ஓட்டுபவர், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். அதுவும் எங்கள் இறக்கத்தில்!

இறக்கம் என்றால் சும்மாவா? பண்டாரவளை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,225 மீற்றர். பதுளை சுமார் 680. நடுவில் தெமோதரை, ஹாலிஎல. ரயில்பாதைக்கே இந்தச் சரிவு கட்டுப்படாமல், தெமோதரையில் ஒரு வட்டம் போட்டுத் தன் ஸ்டேசனுக்குக் கீழேயே சுரங்கம் வழியாக நுழைந்து போகிறது! 167 கிலோ எம்.20, ஓட்டுபவர், பை எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வையுங்கள். அந்த 545 மீற்றரையும் பிரேக்கிலேயே இறங்கினால் வெளிப்படும் சூடு எவ்வளவு? பச்சைத் தண்ணீர் 4 லீற்றரைக் கொதிக்க வைக்கும் அளவு! இரண்டு சின்ன டிரம்முக்குள் 4 லீற்றர் வெந்நீரின் சூடு. லைனர் மினுங்கிப்போய்ப் பிடிமானம் விட்டுப் போவதில் என்ன ஆச்சரியம்? ஏறிய கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொன்னது வெறும் வழக்கமில்லை, கணக்கு. பழைய பைக்குக்குச் செலவழிக்கக் கையில் கொஞ்சக் காசுதான் இருந்தால் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் முன்னால் நல்ல பிரேக் லைனர் ஒட்டி, டிரம்மை லேத்தில் கடைந்து வட்டமாக்குங்கள். மினுக்கம் பிறகு பார்க்கலாம்.

மேலே போனால் வேறு பிரச்சினை. நுவரெலியா 1,868 மீற்றர். பதுளையில் இருப்பதைவிட அங்கே காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது; கீழே கொடுத்த அதே அளவு பெற்றோலைக் கொடுக்கும். பிளக் கரிபிடிக்கும், பைக் மந்தமாகும். ஊசியை ஒரு காடி இறக்கினால் தெளியும். அமால் கார்பரேட்டரின் அந்த ஊசியில் வட்டமாக வெட்டிய காடிகள் இருப்பதே அதற்குத்தான். இலங்கையின் பழம்பெரும் மலையேற்றப் பந்தயமான மகாகஸ்தோட்டை 1934இல் தொடங்கியது அந்த நுவரெலியாவில்தான். அங்கே போட்டிக்குப் போனவர்களுக்கும் இதே வித்தைதான்.

வெளிச்சத்துக்கு வருவோம். பைக்குகளுக்கு மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பனிக்கு இங்கிலாந்துக்காரரே வைத்த பட்டப்பெயர் இருளின் இளவரசன்! போருக்குப் பிந்திய லூக்காஸ் டைனமோவின் மொத்த வலுவே 60 வாட், 6 வோல்ட். பனி மூடிய ஹப்புத்தளையில் அந்த மஞ்சள் பல்ப் தன்னைத்தான் காட்டும், பாதையைக் காட்டாது. இப்போது அதே டைனமோவில் ஒரு மின்னணு ரெகுலேற்றர் வைத்து 12 வோல்ட் எடுக்கலாம். 10, 15 வாட் எல்இடி பல்ப் பழையதைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும். ஆனால் கவனம்! பழைய பிரித்தானியப் பைக்குகள் பலவற்றில் பற்றரியின் பிளஸ்தான் சட்டத்தில் பூட்டியிருக்கும், மைனஸ் அல்ல. அது தெரியாமல் எல்இடியை மாட்டிவிட்டு, பல்ப் எரியவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். இன்னொன்று: சட்டத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும்போது பொறித்த இலக்கத்தைக் கிரைண்டர் தின்ன விடாதீர்கள். எம்.20 சட்ட இலக்கத்தின் முன்னால் டபிள்யூ இருந்தால் அது போர்த் துறைக்குப் போன பைக் என்பதற்குச் சாட்சி. புத்தகத்தில் இருக்கும் இலக்கத்தோடு அது ஒத்துப்போகாவிட்டால் பைக்கின் விலை பாதியாகும், தலைவலி இரட்டிப்பாகும்.

தலை என்றதும் ஹெல்மட். 'அரேபிய லோரன்ஸ்' 1935இல் தன் ப்ரௌ சுப்பீரியர் பைக்கிலிருந்து விழுந்து இறந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த மூளை அறுவை நிபுணர் ஹியூ கெயர்ன்ஸ் அதன் பிறகு செய்த ஆய்வே படையின் பைக் ஓட்டுநர்களுக்கு ஹெல்மட்டைக் கொண்டுவந்தது. பைக்கோடு பெயர் சேர்ந்த இன்னொருவர் சே குவேரா. அவர் 1952இல் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியது 1939ஆம் ஆண்டு நோர்ட்டன் 500இல். அதன் இஞ்சினும் படைக்கு வந்த 16எச்சின் இஞ்சினும் ஒரே 79க்கு 100 மில்லிமீற்றர் அளவு. சிலி போய்ச் சேர்ந்ததும் நோர்ட்டன் கைவிட்டது. 7 வருடம் கழித்து, 1959 ஓகஸ்டில், அதே சே இலங்கைக்கு வந்து ஹொரணையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மஹோகனி மரம் நட்டுவிட்டுப் போனார்!

பிரித்தானியப் பைக் எல்லாருக்கும் வாய்க்காது. எங்கள் பக்கத்தில் தூரப் பயணம் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஹொண்டா சீடி 200 ரோட்மாஸ்டர். இரட்டைச் சிலிண்டர், 194 சிசி, செயினை முழுசாக மூடிய பெட்டி. மழைச்சேறு படாததால் செயின் வருடக்கணக்கில் உழைக்கும். ஜப்பான் தபால்காரருக்கென்றே செய்த எம்டி 90யும் இங்கே வந்து மலைப்பாதைக்குப் பழகிவிட்டது! 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் மூலையில் கிடந்த கிழட்டு ஹொண்டாக்கள் எல்லாம் மவுசு பெற்றன. கொழும்புப் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் ஒரு சீடி 200 சைட் கவருக்கு விலை கேட்டுப் பாருங்கள், தெரியும்.

கடைசியாகப் பெற்றோல். எம்.20இன் அழுத்த விகிதம் 4.9க்கு 1. இன்றைய பைக்குகளில் பாதி. போர்க்காலத்தில் கிடைத்த, எழுபதைச் சுற்றிய ஒக்டேன் சரக்கில் ஓடப் பிறந்த இஞ்சின் அது. நம் ஊர் 92 அதற்கு ராஜபோகம்! 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய நாட்களில், அந்த 4 லீற்றரும் எம்.20க்கு ஹாலிஎலயிலிருந்து நுவரெலியா போய்த் திரும்பப் போதியிருக்குமா என்பதே சந்தேகம். பழைய வண்டியாயிற்றே என்று பாசத்தில் 95 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிரயோசனமும் இல்லை, காசுதான் கூடுதலாக எரியும். அந்த வித்தியாசக் காசைச் சேர்த்து ஒரு பிளக் வாங்கி, கால் அங்குல விட்வர்த் ஸ்பானரோடு சேர்த்து சீட்டுக்குக் கீழே போட்டு வையுங்கள்.